புயலும் 'ஆர்மி கோர்' பொறியாளர்களும்: ஹூஸ்டன், நியூ ஆர்லியன்ஸ் பக்கம் வீடு வைத்திருப்போருக்கு முழுமையான வழிகாட்டி

ஹூஸ்டனுக்கு மேற்கே, பார்க்கர் நீர்த்தேக்கத்தை ஒட்டி எழுந்த சில குடியிருப்புகளின் மனைப்படத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு உண்டு. இந்தப் பகுதி நீர்த்தேக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, ராணுவப் பொறியாளர் படையின் கட்டுப்பாட்டில் நீண்ட நேரம் தண்ணீர் தேங்கி நிற்கலாம் என்பது அதன் சாரம். மனைப்படத்தை யார் படிக்கிறார்கள்? பள்ளிக்கூடம் நல்லதா, ஆபீஸ் எவ்வளவு தூரம், சமையலறையில் கிரானைட் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் வந்தபோதுதான் அந்த வரிக்கு என்ன பொருள் என்று பலருக்குப் புரிந்தது.

புயலுக்கு முன்னும் பின்னும் அரசுப் பொறியாளர்கள் என்ன செய்கிறார்கள், எந்தக் கட்டத்தில் அது உங்கள் வீட்டைத் தொடுகிறது, அப்போது நீங்கள் செய்யவேண்டியது என்ன என்று வரிசையாகச் சொல்கிறேன். ஒன்றை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வந்த தண்ணீரை எந்தப் பொறியாளராலும் இல்லாமல் ஆக்க முடியாது. அது எங்கே நிற்கலாம், எப்போது போகலாம் என்று முடிவு செய்யத்தான் முடியும். அந்த முடிவில் உங்கள் வீடு எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் உங்கள் வேலை.

படி 1: யார் என்ன செய்கிறார்கள்

இங்கே எல்லோரும் ஆர்மி கோர் என்று சொல்வது அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையைத்தான். பெயரில் ராணுவம் இருந்தாலும் அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் சீருடை போடாத சாதாரணப் பொறியாளர்கள். ஹூஸ்டன் பக்கத்தை கால்வெஸ்டன் மாவட்ட அலுவலகம் பார்க்கிறது. லூசியானாவின் தென்பகுதிக்கு நியூ ஆர்லியன்ஸ் அலுவலகம், ஃபுளோரிடாவுக்கு ஜாக்சன்வில்.

கோர் தானாகக் கிளம்பி உங்கள் தெருவுக்கு வராது. கவுண்டி, அதாவது நம்மூர் மாவட்டம் மாதிரியான உள்ளூர் நிர்வாகம், மாநிலத்திடம் கேட்கும். மாநிலம் ஃபெமாவிடம், அதாவது மத்திய அரசின் பேரிடர் நிவாரண அமைப்பிடம் கேட்கும். ஃபெமா கோரிடம் வேலையை ஒப்படைக்கும். ஜெனரேட்டர், தார்ப்பாய், குப்பை அகற்றல் எல்லாம் இந்த வழியில்தான் வரும். வெள்ளத்தோடு நேரடியாகப் போராட மட்டும் கோருக்கு பொதுச் சட்டம் 84-99 என்ற தனி அதிகாரம் உண்டு. அதன்படி மணல் மூட்டை, பம்ப், ஆலோசனை எல்லாம் தரலாம், ஆனால் அது மாநிலத்துக்கும் உள்ளூர் நிர்வாகத்துக்கும்தான். தனி வீட்டுக்கு மூட்டை கொடுக்க அந்தச் சட்டத்தில் இடமில்லை. ஆகவே கோர் அலுவலகத்துக்குப் போன் போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள், கவுண்டியைக் கேளுங்கள்.

படி 2: உங்கள் வீடு கரைக்கு எந்தப் பக்கம்?

இதை வெயில் அடிக்கும் நாளில் செய்யுங்கள். தேசிய வெள்ளக்கரைத் தரவுத்தளம் என்று கோர் நடத்தும் இணையதளம் ஒன்று இருக்கிறது. முகவரியைப் போட்டால் பக்கத்தில் எந்தக் கரை இருக்கிறது, அதை யார் பராமரிக்கிறார்கள் என்று காட்டும்.

ஹூஸ்டன்காரர்களுக்கு இன்னொரு கேள்வி உண்டு. ஆடிக்ஸ், பார்க்கர் என்று இரண்டு மண் அணைகள். 1929, 1935 வெள்ளங்களில் நகரம் மூழ்கியதால் கட்டப்பட்டவை. பார்க்கர் 1945-லும் ஆடிக்ஸ் 1948-லும் முடிந்தன. நம்மூர் ஏரி மாதிரி இவற்றில் எப்போதும் தண்ணீர் இருக்காது. வறண்ட காலத்தில் உள்ளே பூங்கா, சைக்கிள் பாதை, விளையாட்டு மைதானம் எல்லாம் உண்டு. அதனால்தான் பலருக்கு அது நீர்த்தேக்கம் என்றே தோன்றுவதில்லை. நீங்கள் அணைக்கு மேல்புறமா, கீழ்ப்புறமா? மேல்புறம் என்றால் தேங்கும் தண்ணீர் உங்கள் வாசலுக்கு வரும். கீழ்ப்புறம், அதாவது பஃபலோ பயூ ஓடையின் கரையில் என்றால், திறந்துவிடும் தண்ணீர் வரும். இரண்டும் வேறு வேறு ஆபத்து, வேறு வேறு நேரத்தில் வரும்.

அணைக்குள் அரசு வாங்கி வைத்திருக்கும் நிலம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய ஆடிக்ஸில் 103 அடி, பார்க்கரில் 95 அடி உயரம் வரைதான். தண்ணீரோ அதற்கு மேலும் தேங்க முடியும். அந்த இடைவெளியில் தனியார் நிலம், அதில் ஆயிரக்கணக்கான வீடுகள். உங்கள் தரைமட்டம் எத்தனை அடி என்று வீட்டுப் பத்திரத்தோடு ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

அப்புறம் 'நூறு வருட வெள்ளம்' என்ற சொல். நூறு வருடத்துக்கு ஒரு முறைதான் வரும் என்று அதற்குப் பொருள் இல்லை. ஒவ்வொரு வருடமும் 1 சதவீத வாய்ப்பு. 30 வருட வீட்டுக்கடன் முடிவதற்குள் ஒரு முறையாவது வர ஏறக்குறைய 26 சதவீத வாய்ப்பு, நான்கில் ஒன்றுக்குச் சற்று அதிகம். சாதாரண வீட்டுக் காப்பீட்டில் வெள்ளம் சேராது. தேசிய வெள்ளக் காப்பீட்டை வாங்கினாலும் பொதுவாக 30 நாள் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். டிவியில் புயல் படம் வந்தபின் வாங்கிப் பயனில்லை.

படி 3: ஜூன் 1-க்கு முன்

அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அதற்கு முன் பொறியாளர்கள் செய்யும் வேலை பார்க்க ஒன்றுமே இல்லாதது போல இருக்கும். கரைமேல் நடப்பார்கள், அவ்வளவுதான். புல் வெட்டியிருக்கிறதா, மரம் முளைத்திருக்கிறதா, எலி, ஆர்மடில்லோ வளை தோண்டியிருக்கிறதா, மதகின் ஷட்டர் துருப்பிடிக்காமல் ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். கரைமேல் வேலி போடாதே, செடி வைக்காதே என்று விதி சொன்னால் முணுமுணுக்கிறோம். வேர் அழுகினால் அந்த ஓட்டை தண்ணீருக்கு வழி.

ஃபுளோரிடாவில் இதே வேலைக்கு இன்னொரு முகம். ஒகீச்சோபி ஏரியைச் சுற்றி 143 மைல் நீளத்துக்கு ஹெர்பர்ட் ஹூவர் கரை நிற்கிறது. 1928 புயலில் அந்த ஏரி உடைத்துக்கொண்டு வந்து குறைந்தது 2,500 பேரைக் கொன்றது. மழை பெய்தால் வெளியேற்றுவதைவிடப் பல மடங்கு வேகத்தில் தண்ணீர் உள்ளே வரும் ஏரி அது. அதனால் பருவத்துக்கு முன்பே மட்டத்தைக் குறைத்து வைக்கப் பார்க்கிறார்கள். குறைத்தால் விவசாயிக்குக் கோபம், திறந்துவிட்டால் கடற்கரை மீனவருக்குக் கோபம். அந்தக் கரையைப் பழுதுபார்க்கும் பெரிய வேலை 2023 ஜனவரியில்தான் முடிந்தது.

படி 4: புயல் ஐந்து நாள் தொலைவில்

மயாமியில் உள்ள தேசியப் புயல் மையம் பாதையைக் கணிக்கத் தொடங்கியதும் கோரின் ஆட்கள் ஃபெமா அலுவலகங்களில் போய் உட்கார்ந்துவிடுவார்கள். 249-வது பொறியாளர் பட்டாலியன், அதாவது மின்சார வேலைக்கென்றே இருக்கும் படைப்பிரிவு, ஜெனரேட்டர்களோடு பாதைக்கு வெளியே வந்து காத்திருக்கும்.

நியூ ஆர்லியன்ஸில் இந்தக் கட்டம் கதவு சாத்தும் கட்டம். 2005-ல் கேட்ரினாவுக்குப் பின் சுமார் 1,450 கோடி டாலர் செலவில் ஊரைச் சுற்றிப் புதிய தடுப்பு எழுந்தது. கிழக்கே போர்ன் ஏரி ஓரம் 1.8 மைல் நீளம், 26 அடி உயரத்துக்கு ஒரு சுவர். காற்று தள்ளிக்கொண்டு வரும் கடல்நீரை, புயல் எழுச்சி என்பார்களே அதை, ஊருக்கு வெளியிலேயே நிறுத்தத்தான் அது. கப்பல் போகும் வாய்களில் பெரிய கதவுகள். காற்று பலப்படுவதற்குள் படகுகளை உள்ளே வரச்சொல்லிவிட்டுக் கதவை மூடவேண்டும். கட்டியது கோர், இன்று கதவை இயக்குவது உள்ளூர் வெள்ளத் தடுப்பு ஆணையம்.

சரி, கதவைச் சாத்தியாயிற்று, கடல் உள்ளே வராது. உள்ளே பெய்யும் மழை எங்கே போகும்? ஊரோ கிண்ணம் மாதிரி, ஏறக்குறைய பாதி கடல்மட்டத்துக்குக் கீழே. ஆகவே கதவு இருக்கும் இடத்தில் பம்பும் இருந்தாகவேண்டும். மேற்குக்கரையில் கட்டிய பம்ப் நிலையத்தில் 11 பம்புகள், எல்லாம் ஓடினால் வினாடிக்கு 19,140 கன அடி. மேட்டூரில் இத்தனை கன அடி திறப்பு என்று செய்தியில் படிப்போமே, அதே கணக்குதான். ஆனால் அங்கே தண்ணீர் தானாக இறங்கி ஓடுகிறது, இங்கே எஞ்சின் வைத்துத் தூக்கி ஊற்றவேண்டும். ஒலிம்பிக் நீச்சல் குளம் ஐந்து வினாடிக்குள் காலியாகிவிடும்.

கடல் ஒரு பக்கம் என்றால் மிசிசிப்பி ஆறு இன்னொரு பக்கம். 2019 ஜூலையில் பேரி புயல் வந்தபோது ஆறு ஏற்கெனவே 16 அடியில் நின்றது, வழக்கமாக அந்த மாதத்தில் அவ்வளவு இருக்காது. புயல் எழுச்சி ஆற்றில் ஏறினால் 20 அடி வரும் என்று கணித்தார்கள். தாழ்வான இடங்களில் கரையின் உயரமே 20 அடிதான். நல்லவேளை 17 அடியைக்கூடத் தாண்டவில்லை. ஊருக்கு மேலே உள்ள பானே காரே வடிகால் அப்போது திறந்திருந்தது. 1931-ல் கட்டி முடித்த அதற்கு நவீன ஷட்டர் எதுவும் கிடையாது. 350 கண்கள், கண்ணுக்கு 20 மரக்கட்டைகள், மொத்தம் 7,000. தண்டவாளத்தில் நகரும் கிரேன் ஒவ்வொரு கட்டையாகப் பிடுங்கி மேலே படுக்க வைக்கும். தொண்ணூறு வருடமாக அப்படித்தான். கட்டை மூடியிருக்கும்போதும் இடுக்கு வழியாகத் தண்ணீர் கசியும், அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

இந்தக் கட்டத்தில் உங்கள் வேலை: கதவு எப்போது மூடும் என்று பாருங்கள். தடுப்புக்கு வெளியே குடியிருந்தால் மூடுவதற்குள் கிளம்பிவிடுங்கள். 2021-ல் ஐடா புயல், கேட்ரினா வந்த அதே ஆகஸ்ட் 29 அன்று வந்தது. நியூ ஆர்லியன்ஸின் தடுப்பு தாங்கியது. தடுப்புக்கு வெளியே இருந்த லாப்ளாஸ் ஊரில் மக்கள் கூரைமேல் ஏறி நின்றார்கள்.

படி 5: ஆறு ஏறி நிற்கும் நாட்களில் கரையில் நடப்பது

இது தெரிந்தால் உங்கள் கண்ணே ஒரு கருவி. நியூ ஆர்லியன்ஸ் அளவுகோலில் ஆறு 15 அடியைத் தொட்டால் கரையை தினமும் நடந்து பார்ப்பார்கள். கரையிலிருந்து 1,500 அடிக்குள் குழி தோண்டும் வேலை எதற்கும் அனுமதி கிடையாது. நீச்சல் குளம் கட்டினாலும் நிறுத்தத்தான் வேண்டும்.

அவர்கள் தேடுவது கரையின் காய்ந்த பக்கத்தில் கொப்பளிக்கும் ஊற்றை. ஆற்றின் அழுத்தம் கரைக்கு அடியில் உள்ள மணல் வழியாகத் தள்ளி, இந்தப் பக்கம் புல்லுக்கு நடுவே தண்ணீர் குமிழியிட்டு வரும். சுற்றிலும் எறும்புப் புற்று மாதிரி மணல் வளையம். தண்ணீர் தெளிவாக வந்தால் பெரிய பயமில்லை, கண்காணித்தால் போதும். கலங்கி வந்தால் கரைக்கு அடியிலிருந்து மண் வெளியே போகிறது, உள்ளே குகை விழுகிறது.

பார்ப்பவருக்கு உடனே மேலே மண்ணைக் கொட்டி அடைக்கத் தோன்றும். அது தவறு. அடைத்தால் அழுத்தம் இன்னொரு இடத்தில் பீறிடும். பொறியாளர் சொல்லி ஆட்கள் செய்வது வேறு: ஊற்றைச் சுற்றி மணல் மூட்டைகளைக் கிணற்று உறை மாதிரி வட்டமாக அடுக்குவார்கள். உறைக்குள் தண்ணீர் ஏற ஏற அதன் எடை கீழிருந்து வரும் அழுத்தத்தை எதிர்க்கும், வேகம் குறையும். மூட்டையை அடுக்கிக்கொண்டே போய், வரும் தண்ணீர் தெளியும் உயரத்தில் நிறுத்திவிடுவார்கள். தண்ணீர் வந்துகொண்டேதான் இருக்கும், ஆனால் மண் வராது. நீங்கள் அப்படிக் கலங்கல் ஊற்றைப் பார்த்தால் மிதிக்காமல், உடனே உள்ளூர் கரை வாரியத்துக்குச் சொல்லுங்கள்.

படி 6: புயல் தலைமேல் இருக்கும்போது

கேட்ரினா வருவதற்கு முன் நியூ ஆர்லியன்ஸை ஒட்டிய ஜெபர்சன் பாரிஷில் (லூசியானாவில் கவுண்டியை அப்படித்தான் சொல்வார்கள்) பம்ப் ஓட்டுநர்களை ஊருக்கு வெளியே வெகுதூரம் அனுப்பிவிட்டார்கள். அவர்கள் உயிருக்குப் பயந்து எடுத்த முடிவுதான். ஆனால் பம்ப் நின்றதும் பக்கத்து ஏரியின் தண்ணீர் குழாய் வழியாகவே பின்னோக்கி ஊருக்குள் வந்தது. அதற்குப் பின் பம்ப் நிலையங்களில் பெரும்புயலைத் தாங்கும் உயரமான பாதுகாப்பு அறைகள் கட்டினார்கள். இப்போது ஓட்டுநர் அங்கேயே தங்கிப் பம்பை ஓட்டலாம்.

இனி ஹார்வி. ஆகஸ்ட் 25 இரவு கரை கடந்த புயல் அங்கிருந்து நகராமல் நின்று பெய்தது. நெடர்லாண்டில் 60.58 அங்குலம் பதிவாயிற்று. ஆடிக்ஸ், பார்க்கர் விதி இதுதான்: மழை வரும் என்றால் மதகை மூடு, கீழே ஓடை வடிந்தபின் மெதுவாகத் திற. பைனி பாயின்ட் என்ற இடத்தில் ஓடையில் 2,000 கன அடிக்கு மேல் போகக்கூடாது என்பது வழக்கமான வரம்பு. அதன்படி மூடினார்கள். 27-ம் தேதி இரவு தேக்கத்தின் மட்டம் மணிக்கு அரை அடிக்கு மேல் ஏறியது. மூடியே வைத்தால் அணையின் ஓரங்களைச் சுற்றிக்கொண்டு தண்ணீர் கட்டுப்பாடில்லாமல் ஊருக்குள் போகும். திறந்தால் ஓடைக்கரை வீடுகள் மூழ்கும், அதுவும் மழை பெய்துகொண்டிருக்கும்போதே. அதிகாலை 2 மணிக்குத் திறப்பதாக அறிவித்திருந்தார்கள். மட்டம் ஏறிய வேகத்தில் நள்ளிரவு தாண்டியதும் திறந்துவிட்டார்கள். முதலில் சொன்ன அளவு 8,000 கன அடி. பின்னர் 13 ஆயிரத்தைத் தாண்டிற்று. அப்படியும் ஆடிக்ஸ் 109.1 அடியைத் தொட்டது, வடக்கு ஓரத்தில் தண்ணீர் சுற்றிக்கொண்டு போகத்தான் செய்தது.

மேலும் மூழ்கியது, கீழும் மூழ்கியது. மதகு திறந்தவரைத் திட்டுவது எளிது. எனக்கு அந்த இரவின் முடிவில் பெரிய தவறு தெரியவில்லை. தேங்கும் என்று தெரிந்த நிலத்தை வாங்காமல் விட்டதும், அதில் வீடு கட்ட விட்டதும்தான் தவறு; அவை பல வருடம் முன்பே, பகல் வெளிச்சத்தில் நடந்தவை. மேல்புற வீட்டுக்காரர்கள் போட்ட வழக்கில் 2019 டிசம்பரில், அரசுமேல் போடும் இழப்பீட்டு வழக்குகளைப் பார்க்கும் ஃபெடரல் கிளெய்ம்ஸ் நீதிமன்றம் அரசுதான் பொறுப்பு என்றது. வழக்கு அதோடு முடிந்துவிடவில்லை.

உங்களுக்கு: மழை நின்றதும் ஆபத்து முடிந்தது என்று எண்ணவேண்டாம். அணைக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதற்கப்புறம்தான் தொடங்கும், நாள் கணக்கில் நீளும். நீர்த்தேக்க மட்டமும் ஓடை மட்டமும் ஹாரிஸ் கவுண்டி வெள்ளக் கட்டுப்பாட்டு மாவட்டத்தின் இணையப் பக்கத்தில் உடனுக்குடன் கிடைக்கும். நீங்கள் எழுதி வைத்த தரைமட்ட அடியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

படி 7: கரை உடைந்துவிட்டால்

கேட்ரினாவில் நியூ ஆர்லியன்ஸின் 80 சதவீதம் மூழ்கியது. எல்லா இடத்திலும் தண்ணீர் சுவர்மேல் ஏறி விழவில்லை. 17-வது தெருக் கால்வாயிலும் லண்டன் அவென்யூ கால்வாயிலும் சுவரின் உச்சிக்குக் கீழே தண்ணீர் நிற்கும்போதே சுவர் சாய்ந்துவிட்டது. சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே இடுக்கு விழுந்து, அதில் தண்ணீர் இறங்கி, அடியில் இருந்த மென்களிமண்ணோடு மொத்தமும் நகர்ந்தது. வடிவமைப்பில் கோர் செய்த பிழை, அதை அவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

ஹெலிகாப்டரில் 3,000 பவுண்டு மூட்டைகளைப் போட்டார்கள், போதவில்லை, 7,000 பவுண்டு போட்டார்கள். உடைப்பு அடைபட்டதும் எதிர்க்கேள்வி வந்தது: உள்ளே நிற்கும் தண்ணீரை எப்படி வெளியேற்றுவது? ஊர்ப் பம்புகளே மூழ்கிக் கிடந்தன. வெளியே மட்டம் இறங்கிய இடங்களில் கரையை வேண்டுமென்றே வெட்டி வடியவிட்டார்கள். மோட்டார்களைக் காயவைத்து ஒவ்வொன்றாக ஓட்டினார்கள். நடுவில் செப்டம்பர் 24 அன்று ரீட்டா புயல் வந்து சில பகுதிகளை மறுபடி நிரப்பியது. அக்டோபர் 11 அன்று வேலை முடிந்தது, மொத்தம் 43 நாள்.

படி 8: கரண்ட், கூரை, குப்பை

ஜெனரேட்டர் உங்கள் வீட்டுக்கு வராது. ஆஸ்பத்திரி, குடிநீர் நிலையம், கழிவுநீர் பம்ப் என்று வரிசை உண்டு. உங்கள் சொந்த ஜெனரேட்டரை வீட்டை விட்டு 20 அடி தள்ளி வெட்டவெளியில் வையுங்கள். கராஜில் வைத்து, அதன் நச்சுப்புகையில் குடும்பத்தோடு செத்துப்போனவர்கள் ஒவ்வொரு புயலிலும் உண்டு.

நீலக் கூரை உங்கள் வீட்டுக்கே வரும். ஃபெமா பணத்தில் கோர் ஆள் வைத்து, கிழிந்த கூரைமேல் கனமான நீலப் பிளாஸ்டிக் விரித்துக் கொடுக்கும். காசு கிடையாது. மரியா புயலுக்குப் பின் புவெர்ட்டோ ரிக்கோவில் கிட்டத்தட்ட 60 ஆயிரம் வீடுகளுக்குப் போட்டார்கள். நுழைய அனுமதிக்கும் படிவத்தில் கையெழுத்து இல்லாமல் ஏணியைச் சாத்த மாட்டார்கள். வீட்டின் கட்டமைப்பில் பாதிக்கு மேல் சேதம் என்றாலோ, தகரக் கூரை, ஓட்டுக் கூரை என்றாலோ பொதுவாகக் கிடைக்காது. கயிறு கட்டும் வேலை இல்லை இது. மரப்பட்டை வைத்து ஆணி அடிப்பார்கள், கூரையில் ஓட்டை விழும். ஆகவே அவர்கள் வருவதற்கு முன் காப்பீட்டுக்கு எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் தாங்கும் என்பதுதான் கணக்கு.

குப்பையை வீட்டுக்கு முன், நடைபாதைக்கும் ரோட்டுக்கும் நடுவே வையுங்கள். லாரிக்காரர் உங்கள் மனைக்குள் கால் வைக்கமாட்டார். மரக்கிளை தனி, சுவர்ப்பலகை கார்பெட் தனி, பிரிட்ஜ் வாஷிங்மெஷின் தனி, டிவி கம்ப்யூட்டர் தனி, பெயின்ட் ரசாயனம் தனி. எல்லாம் கலந்த குவியலை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பிரிட்ஜைத் திறக்கவே திறக்காதீர்கள், டேப் சுற்றி அப்படியே வெளியே வையுங்கள். தீயணைப்புக் குழாயையும் தண்ணீர் மீட்டரையும் மறைக்கவேண்டாம். லாரியின் பக்கவாட்டில் எத்தனை கன கஜம் கொள்ளும் என்று பலகை ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். கிடங்கு வாசலில் பரண் மாதிரி ஒரு கோபுரம். மேலே நிற்பவர் எட்டிப் பார்த்து 'முக்கால்' என்று எழுதினால் முக்கால் லாரிக்குத்தான் ஒப்பந்தக்காரருக்குப் பணம்.

படி 9: சுவரைக் கழுவுவதற்கு முன்

வீட்டுக்குள் திரும்பியதும் சுவரில் பழுப்பாக ஒரு சேற்றுக்கோடு இருக்கும். அடுத்த சில வாரங்களில் பொறியாளர்களும் அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையினரும் ஊர் ஊராகப் போய் இந்தக் கோடுகளைத்தான் அளப்பார்கள். கணினியில் போட்ட வெள்ளக் கணக்கு சரியா என்று பார்க்கவும், அடுத்த வெள்ள வரைபடம் வரையவும் இதுதான் சாட்சி. உங்கள் காப்பீட்டுக்காரருக்கும் இதே சாட்சிதான். தரையிலிருந்து கோடு வரை ஒரு டேப்பைப் பிடித்து, எண் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். வெளிச்சுவரில் ஒன்று, உள்சுவரில் ஒன்று. தேதியையும் மணியையும் எழுதிவிட்டு அப்புறம் வாளியைத் தூக்குங்கள்.